சளி, ஃப்ளூவுக்கு வீட்டு சூப்: அது செய்வதும் செய்யாததும்

கேள்வி இது: "சளி பிடித்தாலோ ஃப்ளூ காய்ச்சல் வந்தாலோ உடனே வீட்டில் சூப் வைத்துக் கொடுக்கிறோம். அதில் நிஜமாகவே மருந்துக் குணம் இருக்கிறதா, இல்லை மனசுக்கு ஆறுதல்தானா? சிக்கன் சூப்தான் வேண்டுமா, காய்கறி சூப் போதுமா? எப்படி வைத்தால் பலன் அதிகம்?"

முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். எந்த சூப்பும் வைரஸைக் கொல்லாது. ஒரு வாரம் பத்து நாள் இருந்துவிட்டுப் போகும் ஜலதோஷத்தை சூப் மூன்றே நாளில் விரட்டிவிடும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரமும் கிடையாது. ஆனால் அதனால் சூப் வெறும் ஆறுதல் என்றும் ஆகிவிடாது. படுத்துக் கிடக்கிற ஆளுக்கு அது செய்யும் உதவிகளை ஒவ்வொன்றாகக் காட்ட முடியும், காரணமும் சொல்ல முடியும். இதில் பலரும் சறுக்குவது எங்கே என்றால், சூப்பை மருந்தாக்கப் பார்ப்பதில்தான். 'எதிர்ப்புச் சக்தி' என்ற பெயரில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளிப் போட்டு, கடைசியில் நோயாளி இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுத் தள்ளி வைக்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிடுகிறோம். குடிக்கப்படாத சூப்பில் என்ன குணம் இருந்து என்ன பயன்?

ஜலதோஷமும் ஃப்ளூவும் ஒன்றில்லை என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அதில் பெரும்பங்கு ரைனோவைரஸ். மெல்ல ஆரம்பிக்கும், மூக்கிலும் தொண்டையிலும் தங்கும், தானாகப் போய்விடும். ஃப்ளூ என்பது இன்ஃப்ளுயன்சா வைரஸ். காலையில் நன்றாக இருந்தவரை மாலைக்குள் படுக்க வைத்துவிடும்: கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி, எழுந்து நிற்கவே தெம்பில்லாத சோர்வு. இது நிமோனியா வரைக்கும் போகக்கூடியது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் போவது நல்லது. ஓசெல்டாமிவிர் போன்ற மருந்துகள் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். 'இரண்டு நாள் சூப் குடித்துப் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டால் அந்த நேரம் கைநழுவிவிடும்.

சரி, சூப் என்னதான் செய்கிறது?

காய்ச்சல் அடிக்கிற உடம்பு வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீரை இழக்கிறது. வியர்வையில் போகிறது; மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுவதில் போகிறது; வேகமாக மூச்சு வாங்கும்போது இன்னும் போகிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு எரிக்கும் சக்தி சுமார் 10 சதவீதம் கூடுகிறது. இப்படித் தேவை எல்லாம் கூடுகிற நேரத்தில்தான் பசி செத்துப் போகிறது. வைரஸோடு போராடும்போது உடம்பு சுரக்கும் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்கள் மூளைக்குப் போய்ச் சேர்ந்து பசியையும் அடக்கிவிடுகின்றன. ஆகவே 'சாப்பிட மாட்டேன்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டுவதில் நியாயமில்லை.

வெறும் தண்ணீரைக் கொடுத்தால் நான்கு வாய்க்கு மேல் இறங்காது. தட்டு நிறையச் சாப்பாடு வைத்தால் பார்க்கவே பிடிக்காது. சூப் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: தண்ணீர், உப்பு, கொஞ்சம் புரதம், கொஞ்சம் மாவுச்சத்து, எல்லாமே மெல்லாமல் விழுங்கும் வடிவத்தில். தொண்டை ரணமாக இருக்கும்போது இது எவ்வளவு பெரிய சலுகை என்று வறண்ட ரொட்டியை விழுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் சூப் வைக்கும் விதமே மாறிவிடும். சளி பிடித்தால் 'வாய்க்கு ஒன்றுமே தெரியவில்லை' என்கிறோம். உண்மையில் நாக்கு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. வேலை செய்யாதது மூக்கு. சாப்பாட்டின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மணம்தான். மெல்லும்போது அந்த மணம் தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்கின் மேல் பகுதியைத் தொடுகிறது. உள்ளே வீங்கி, சளி கட்டியிருக்கும்போது அது அங்கே போய்ச் சேர்வதே இல்லை. மிச்சம் இருப்பது நாக்கு நேரடியாக உணரும் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அப்புறம் உமாமி எனப்படும் அந்த ஆழமான சாறுச் சுவை. இவை போக காரமும் சூடும். காரத்தையும் சூட்டையும் ட்ரைஜெமினல் என்ற வேறொரு நரம்பு தூக்கிச் செல்வதால் மூக்கு அடைத்திருந்தாலும் அவை தெரியும்.

இதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். சூப் தயாரானதும் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் குடித்துப் பாருங்கள். மேலே தூவிய கொத்தமல்லித் தழை, பட்டை, ஏலக்காய் எல்லாம் காணாமல் போயிருக்கும். உப்பும் எலுமிச்சையின் புளிப்பும் மிளகின் சுருக்கும் மட்டும் நிற்கும். நோயாளிக்குத் தெரியப்போவது அவ்வளவுதான். அதனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ருசி பார்த்துத்தான் உப்பும் புளிப்பும் சரிசெய்ய வேண்டும். வாசனைச் சாமான்களில் காட்டும் அக்கறையைத் தக்காளி, காளான், நன்றாக வெந்த இறைச்சி ஆகியவற்றில் காட்டுங்கள். உமாமிச் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டும் அதன் கூட்டாளிகளும் அவற்றில்தான் நிறைய.

ஆய்வுகள் பக்கம் வருவோம். சிக்கன் சூப்பை நோய்க்குப் பரிந்துரைப்பது புதுசே இல்லை. 12-ஆம் நூற்றாண்டு மருத்துவரும் தத்துவ அறிஞருமான மைமோனிடிஸ் தன் மருத்துவ எழுத்துகளில் அதைச் சொல்லியிருக்கிறார். அளந்து பார்க்க ஆரம்பித்தது ரொம்பப் பிற்பாடு. 1978-இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் மருத்துவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். நல்ல உடல்நிலையில் இருந்த 15 பேருக்கு வெந்நீர், குளிர்ந்த நீர், சூடான சிக்கன் சூப் ஆகியவற்றைக் கொடுத்து, மூக்கில் சளி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்தார்கள். மூக்குக்குள் இருக்கும் நுண் இழைகள் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம் வேகமாக இருந்தால் கிருமியும் சேர்ந்து வெளியேறும். சிக்கன் சூப்பை உறிஞ்சிக் குடித்தவர்களுக்கு அந்த வேகம் நிமிடத்துக்கு 6.9 மில்லிமீட்டரிலிருந்து 9.2 ஆக ஏறியது. வெந்நீர் குடித்தவர்களுக்கு 6.2-இலிருந்து 8.4. குளிர்ந்த நீருக்கு 7.3-இலிருந்து 4.5 ஆக இறங்கியது. சூப்புக்கு வெந்நீரைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் இருப்பதாக அவர்கள் கருதினார்கள்.

ஆனால் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு வரி உண்டு: சூடான பானங்கள் கொடுத்த வேகம் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. எனக்கு இதுதான் அந்த ஆய்விலேயே உருப்படியான தகவல். காலையில் ஒரு பெரிய கிண்ணம் குடித்துவிட்டு மாலை வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. சின்னக் கோப்பையில், அடிக்கடி, சூடாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆய்வு 2000-இல் வெளியானது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஸ்டீபன் ரென்னார்ட் என்ற நுரையீரல் மருத்துவர், தன் மனைவி வீட்டுப் பாட்டி வழியாக வந்த சிக்கன் சூப்பையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். சிக்கன், வெங்காயம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், டர்னிப், செலரி, பார்ஸ்லி எல்லாம் போட்ட சூப். ஜலதோஷத்தில் மூக்கு ஒழுகுவதும் தொண்டை வலிப்பதும் வைரஸ் நேரடியாகச் செய்கிற வேலை மட்டும் கிடையாது. அதைத் துரத்திக்கொண்டு ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கிளப்பும் அழற்சிக்கும் அதில் பங்கு உண்டு. அந்த அணுக்களின் நகர்வை இந்த சூப் ஓரளவு மட்டுப்படுத்தியது என்பதுதான் கண்டுபிடிப்பு. சிக்கனுக்கு மட்டும் இருந்த குணமில்லை அது. அதில் போட்ட காய்கறிகளைத் தனித்தனியாகப் பார்த்தபோதும் தெரிந்தது. கடையில் வாங்கிய சூப்களையும் பரிசோதித்தார்கள். சிலவற்றுக்கு நல்ல விளைவு, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது முழுக்க முழுக்கக் கண்ணாடிக் குழாயில் நடந்தது. அணுக்களின் மேல் சூப்பை நேரடியாக விட்டுப் பார்த்தார்கள். நாம் குடிக்கும் சூப் வயிற்றில் செரித்து, குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, அப்புறம் மூக்கு வரைக்கும் போய் அதே வேலையைச் செய்யுமா என்பது வேறு கேள்வி. 'சிக்கன் சூப் சளியைக் குணப்படுத்தும் என அறிவியல் நிரூபித்தது' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த இடைவெளியை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது ஆய்வில் சூப்பே கிடையாது, ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். 2008-இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஜலதோஷ ஆய்வு மையம், சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழ பானத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறை வெப்பத்திலும் கொடுத்தது. மூக்கில் காற்று போய்வரும் அளவைக் கருவி வைத்து அளந்தால் இரண்டு பானத்துக்கும் மாற்றமே இல்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்கள் மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர் நடுக்கம், சோர்வு எல்லாமே உடனே குறைந்ததாகவும், அது கொஞ்ச நேரம் நீடித்ததாகவும் சொன்னார்கள். ஆறிய பானம் மூக்கொழுகல், இருமல், தும்மலுக்கு மட்டும்தான் உதவியது. ஆக, சூட்டுக்கே ஒரு வேலை இருக்கிறது. நிவாரணம் நோயாளி உணர்வதில்தான் இருக்கிறது, சரி. ஆனால் தொண்டை வலியையும் அவர் உணரத்தானே செய்கிறார்?

இனி, சூப்பில் எதைப் போடுவது என்ற பஞ்சாயத்து.

பூண்டு: நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற பொருளைப் பற்றித்தான் பெருமையெல்லாம். கொதிக்கும் சூப்பில் முழுப் பல்லாகப் போட்டால் அல்லிசினை உருவாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். வேண்டுமானால் நசுக்கி ஒரு பத்து நிமிடம் வைத்திருந்து, இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போடலாம். அப்போதும் அது சளிக்கு மருந்தாகிவிடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்; ருசிக்காகப் போடுங்கள். இஞ்சி குமட்டலுக்கு நல்லது, தொண்டைக்கு இதமான சூடு தரும். மிளகும் மிளகாயும் மூக்கை ஒழுக வைக்கும், கெட்டிப்பட்ட சளி கொஞ்சம் நெகிழ்ந்தது போல இருக்கும். ஆனால் தொண்டை புண்ணாக இருப்பவருக்கு அதே காரம் எரியும், இருமலைக் கிளப்பும், வெறும் வயிற்றில் நெஞ்செரிச்சலும் தரும். மிளகை எல்லோருக்குமாகப் பானையில் கொட்டுவதைவிட அவரவர் கோப்பையில் தூவிக்கொள்வது மேல். மஞ்சள் ஒரு சிட்டிகை நிறத்துக்குப் போதும்.

'எலும்பு சூப்' பற்றி நிறையச் சொல்கிறார்கள். எலும்பிலிருந்து வரும் ஜெலட்டின் வயிற்றுக்குள் போனதும் மற்ற புரதங்களைப் போலவே உடைந்து அமினோ அமிலங்களாகிவிடும். சூப்புக்கு வழவழப்பும் கனமும் தருகிறது, தொண்டையில் பட்டும் படாமல் இறங்குகிறது; அதற்காகப் பிடித்தால் செய்யுங்கள். சிக்கனில் சிஸ்டீன் இருக்கிறது, அது சளி இளக்கும் மருந்தைப் போன்றது என்பதும் அடிக்கடி காதில் விழும். சளி இளக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் சிஸ்டீனிலிருந்து செய்யப்படுவது உண்மை. அதற்காக ஒரு கோப்பை சூப் மருந்தின் அளவுக்கு வேலை செய்யும் என்று கணக்குப் போட முடியாது.

வைட்டமின் சி கொதிக்கக் கொதிக்கக் குறையும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியச் சொல்வது அதனால்தான். அந்தப் புளிப்பு நாக்கில் படுவதுதான் இதில் பெரிய லாபம். பாலோ கிரீமோ சேர்த்தால் சளி கூடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாக ஒட்டுவது போன்ற உணர்வைத் தருவதால் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவருக்குக் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்தது செய்முறை. நோயாளிக்கான சூப் தெளிவாக, மெல்லியதாக, கொழுப்புக் குறைவாக இருக்க வேண்டும். கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே குமட்டுகிறவருக்கு மேலே மிதக்கும் எண்ணெய் ஒரு வாய்க்கு மேல் போகாது. கார்ன்ஃப்ளார் போட்டுக் கெட்டியாக்கும் ஹோட்டல் பாணியும் வேண்டாம்.

எலும்போடு ஒரு கிலோ சிக்கனைத் தோல் நீக்கி, இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு போடுவதைவிடப் பச்சைத் தண்ணீரில் தொடங்கினால் சாறு நன்றாக இறங்கும், அழுக்கு நுரையும் மேலே திரண்டு வரும். முதல் பதினைந்து இருபது நிமிடம் பக்கத்திலேயே நின்று அந்தச் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு வெங்காயம், மூன்று கேரட், கிடைத்தால் இரண்டு தண்டு செலரி, இரண்டு தக்காளி, விரல் நீள இஞ்சி, எல்லாவற்றையும் பெரிய துண்டுகளாகப் போட்டு அடுப்பை சிம்மில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்து உடைந்தால் போதும். வேகமாகக் கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சூப் கலங்கிவிடும், அப்புறம் வடிகட்டினாலும் தெளியாது. முக்கால் மணி நேரத்தில் நெஞ்சுக் கறித் துண்டுகளை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும். எடுத்த கறியை ஆறியதும் நார் நாராகப் பிய்த்து, வடிகட்டிய சூப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் கொடுத்தால் புரதம் பெரும்பாலும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். 'சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது' என்று சக்கையைத் தூக்கிப் போடுவது வீண்.

குக்கரில் வைக்கலாமா? தாராளமாக. சூப் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், ருசிக்குப் பழுதில்லை. உடம்பு சரியில்லாத நாளில் அடுப்பருகே இரண்டு மணி நேரம் நிற்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

உப்பைக் கடைசியில் போடுங்கள், ஏனென்றால் தண்ணீர் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது: பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, ஒரு டீஸ்பூன் உப்பே கிட்டத்தட்ட அந்த அளவு. வியர்த்துக் கொட்டுகிறவர், வேறெதுவும் சாப்பிடாதவர் ஒன்றிரண்டு நாள் ஒரு லிட்டர் சூப் குடிப்பதில் பிரச்சினை இல்லை. இரத்தக் கொதிப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது அதிகம். அவர்களுக்கு உப்பைப் பாதியாக்கி, எலுமிச்சையை ஏற்றுங்கள். தண்ணீர் அளவிலேயே கட்டுப்பாடு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சூப் குடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. பாக்கெட் சூப்பும் சூப் க்யூப்பும் உப்பு விஷயத்தில்தான் இடிக்கின்றன. அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றால் பாக்கெட்டில் சொன்னதைவிடக் கூடுதல் தண்ணீர் விட்டு, வேகவைத்த காய்கறியோ முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

காய்கறி சூப் போதுமா என்றால், சூடு, தண்ணீர், உப்பு ஆகிய மூன்றிலும் அது சிக்கனுக்குக் குறைந்ததில்லை. இரண்டு இடத்தில்தான் கை கொடுக்க வேண்டும். ஒன்று ருசியின் ஆழம்: வெங்காயத்தையும் காளானையும் துளி எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, தக்காளி சேர்த்துக் கரைந்து சாறு சுண்டும் வரை விட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிக் குதித்தால் சூப் வெறும் காய் வேகவைத்த தண்ணீராகத்தான் இருக்கும். இன்னொன்று புரதம்: ஒரு கைப்பிடி பருப்பைக் கூடவே வேகவைத்து மசித்துவிடலாம். முட்டை சாப்பிடுகிறவர்கள் கொதிக்கும் சூப்பைச் சுழற்றிக்கொண்டே அடித்த முட்டையை நூலாக ஊற்றினால் நொடியில் இழை இழையாக வெந்துவிடும். மூக்கு அடைத்திருப்பதால் முட்டை வாடை என்ற புகாரும் வராது.

கொடுக்கும் விதம்: 150 முதல் 200 மில்லி கோப்பை, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை. கோப்பையை முகத்தருகே வைத்துக்கொண்டு மெதுவாக உறிஞ்சிக் குடிக்கட்டும், ஆவியும் சேர்ந்து போகும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைக் குடித்துப் பழகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஊதி ஊதிக் குடிக்க வேண்டியிருந்தால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். குழந்தைகளுக்கு வெதுவெதுப்பாக இருந்தாலே போதும். சூப் கிண்ணத்தோடு அவர்களை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், சூடான சூப் கொட்டினால் காயம் சளியைவிடப் பெரிதாகிவிடும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சளி என்றாலும் பால் மட்டும்தான், சூப் வேண்டாம். ஒரு வயதுக்குள் உப்புச் சேர்க்காத சூப்; இருமலுக்கென்று தேன் கலப்பது ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வர வாய்ப்புண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் சூப்பை நம்பி இருக்காமல் ஓஆர்எஸ் கொடுங்கள். சூப்பில் உப்பும் சர்க்கரையும் குடல் உறிஞ்சத் தோதான விகிதத்தில் இருப்பதில்லை. காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் ஆஸ்பிரின் தரக் கூடாது. பழைய மருந்துச் சீட்டில் இருந்த ஆன்டிபயாடிக்கைத் தேடி எடுப்பதும் வேண்டாம், அது வைரஸை ஒன்றும் செய்யாது.

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, குழப்பமாகப் பேசுவது, உதடு நீலமாவது, வெகுநேரமாகச் சிறுநீரே போகாமல் இருப்பது, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறி முன்பைவிட மோசமாவது: இதில் எது தெரிந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே உடனே காட்ட வேண்டும்.

கடைசியாக, யாரும் கேட்காத, ஆனால் சூப் விஷயத்தில் நிஜமாகவே தீங்கு செய்யக்கூடிய ஒன்று: மிச்சத்தை வைப்பது. பெரிய பாத்திரம் நிறைய சூப் வைத்து, அடுப்பின் மேலேயே மூடி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் ஒரு கொதி விட்டுக் கொடுக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். சூப் மெதுவாக ஆறும்போது முளைத்து, மளமளவென்று பெருகும். இறைச்சிச் சாறு அதற்குப் பிடித்தமான இடம். சளிக்காரருக்கு அதன் மேல் வயிற்றுப்போக்கும் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ஆழமான பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி குளிரவே பல மணி நேரமாகும்; உயரம் குறைந்த, அகலமான டப்பாக்களில் பிரித்து ஊற்றி, அவற்றைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, பிறகு உள்ளே வையுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். குளிர்ந்ததும் மேலே வெள்ளையாக உறையும் கொழுப்பை ஸ்பூனால் அப்படியே தூக்கிவிடலாம். சுட வைக்கும்போது முழு டப்பாவையும் எடுக்காமல் குடிக்கப்போகும் அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதி வரவிட்டு இறக்குங்கள்.

ஃப்ளூ பரவும் பருவத்துக்கு முன்பே ஒருநாள் பெரிய அளவில் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிடச் சொல்வேன், முக்கியமாகத் தனியாக இருப்பவர்களுக்கு. அந்த நாள் வரும்போது வெங்காயம் நறுக்கும் தெம்புகூட இருக்காது. ஒரு கோப்பை அளவுள்ள டப்பாக்களில், உறையும்போது விரிவதற்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். நூடுல்ஸோ அரிசியோ சேர்க்காமல் உறைய வைத்தால்தான் திரும்ப உருக்கும்போது கொழகொழவென்று ஆகாது. எலுமிச்சையும் மிளகும் சூடாக்கிய பிறகு. இரண்டு மூன்று மாதம் வரை ருசி கெடாமல் இருக்கும். தேதியை எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.